சம்பாவுக்கு நேரடி விதைப்பா, நடவா? மழையும் பனியும் வெச்சு ஒரு கணக்கு

ஆடி பொறந்தாலே எங்க வீட்டுல இந்த சண்டை ஆரம்பிச்சிடும். சித்தப்பா நேரடி விதைப்புல சாவித்திரி நெல், அதுலயும் சி.ஆர். 1009 சப் 1ங்கற ரகம், அதை விட்டா வேற பேச்சு கிடையாது. நான் நாத்து விட்டு டி.கே.எம். 13 ரகம் நடுற கட்சி. வெளைச்சலை வெச்சு பேசினா இது முடியவே முடியாது, மழை என்னிக்கு வருது அன்னிக்கு பயிர் என்ன வயசுல நிக்குதுன்னு பாத்தாதான் புரியும்.

சாவித்திரி 155, 160 நாள் பயிர். ஆகஸ்ட் 10 வாக்குல விதைச்சா வடகிழக்கு பருவமழை வழக்கமா தொடங்குற அக்டோபர் 20க்கு அதுக்கு வயசு 70 நாள், தூர் கட்டி ஜம்முனு நிக்கும். டி.கே.எம். 13 வெறும் 130 நாள்தான், ஆனா ஆவணியில நாத்து விடணும்னு நெனைப்போம், குறுவை அறுப்பு இழுத்து, ஆள் கெடைக்காம, எப்படியும் புரட்டாசி பத்து ஆயிடும். 25 நாள் நாத்தை பறிச்சு நடும்போது கரெக்டா ஐப்பசி அடைமழை. பச்சை பிடிக்காத நாத்து நாலு நாள் முழுகினா அழுகி மிதக்கும், மறுநாத்துக்கு ஊர் ஊரா அலையணும். சப் 1 ரகம் ரெண்டு வாரம் வரைக்கும் முழுகினாலும் தாங்கி திரும்ப துளிர்க்கும், ஆனா அது இளம்பயிருக்குத்தான், கதிர் முத்தி சாஞ்சு கெடக்கறப்ப சப் 1னாலும் ஒண்ணும் பண்ண முடியாது. இதை நெறைய பேர் தப்பா நெனச்சிட்டு இருக்காங்க.

நேரடி விதைப்புல ஒரே தலைவலி களை. சித்தப்பா வயல்ல ஒரு வருஷம் கோரை எது நெல்லு எதுன்னே தெரியல.

அப்பறம் பனி. நமக்கு நீலகிரி மாதிரி உறைபனியெல்லாம் கெடையாது, ஆனா மார்கழி பனி சும்மா விடாது. ராத்திரி குளிரும் விடிஞ்சும் காயாத இலையும் சேந்தா குலைநோய்ங்கற பூஞ்சை நோய்க்கு கொண்டாட்டம், அது சட்டுனு தாக்குற ஆந்திரா பொன்னி ரகம் போட்டவங்களுக்கு சொல்லவே வேணாம். கதிரோட கழுத்துல கருத்து, கதிர் வெள்ளை வெளேர்னு நிமிந்து நிக்கும், உருவிப் பாத்தா பூரா பதரு. பிந்தி நட்ட பயிர் பூக்குறது அந்த நேரம்தான். முந்தி விதைச்ச சாவித்திரி கார்த்திகை கடைசியில பூக்க ஆரம்பிக்கும், அதுக்கு பயம் மழை.

அதே பனிதான் உளுந்துக்கு சாமி. அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடி, மண்ணை மிதிச்சா கால் பதியணும் ஆனா தண்ணி ஊறக்கூடாது, அந்த பதத்துல நிக்கிற நெல்லுக்குள்ளயே தெளிச்சு விடுவோம், அதுக்கப்பறம் தண்ணியே காட்டாம ஈரத்துலயும் பனியிலயும் வெளைஞ்சிடும். பொங்கலை ஒட்டி அறுத்தவனுக்கு தை, மாசி ரெண்டு பனியும் கெடைக்கும், மாசியில அறுத்தவன் உளுந்து காய் வைக்கறப்ப வெயில்ல வாடும். இந்த ஒரு விஷயத்துல சித்தப்பாவை அடிச்சுக்க முடியாது.

கார்த்திகைக்குப் பிறகு மழையில்லைன்னு பெரியவங்க சொன்னதை நம்பி இப்ப யாரும் நிம்மதியா இருக்க முடியல. 2021 ஜனவரியில பொங்கல் நேரத்துல கொட்டுச்சு, முந்தி விதைச்சவன் நெல்லு கதிர்லயே முளை விட்டுது. 2023 பிப்ரவரி முதல் வாரம் திரும்ப கொட்டுச்சு, அந்த தடவை மாட்டுனது என்னை மாதிரி பிந்தி நட்டவன். டயர் வெச்ச அறுப்பு மெஷின் சேத்துல உள்ள எறங்காது, செயின் மெஷினுக்குத்தான் காத்துக் கெடக்கணும். அரசு கொள்முதல்ல நெல்லுக்கு ஈரப்பதம் 17 சதவீதம்தான் வரம்பு, அந்த வருஷம் 20 வரைக்கும் தளர்த்துனாங்க.

எல் நினோ, அதாவது பசிபிக் கடல் வழக்கத்தை விட சூடாகுறது, வந்தா நமக்கு வடகிழக்கு தூக்கலா இருக்கும்னு ஒரு கணக்கு இருக்கு, 2015ல அப்படித்தான் ஆச்சு, அடுத்த வருஷம் 2016ல ஒரேடியா பொய்ச்சு வயலே வெடிச்சு கெடந்துச்சு. ஆனா 2021ல அதுக்கு நேரெதிரா கடல் குளிர்ற லா நினா இருந்தும் வெளுத்து வாங்குச்சு, அதனால அதை நம்பி ரகம் மாத்தாதீங்க, வடிகாலை பாருங்க. தண்ணி வடிய ரெண்டு நாளுக்கு மேல ஆகற வயல்னா யோசிக்காம சாவித்திரி நேரடி விதைப்பு. மேட்டு வயல்னா நடவு, ஆனா செப்டம்பர் முதல் வாரத்துக்குள்ள நாத்து விட்டாகணும்.

எங்க பள்ளத்து வயலுக்கு சித்தப்பாகிட்டயே விதை கேட்டிருக்கேன். "கட்சி மாறிட்டியாடா?"ன்னு சிரிக்கிறாரு. மேட்டுல இன்னும் நடவுதான் சித்தப்பா.