மூன்றாவது கோடையிலும் சத்தம் போடாத கூலர் எது?

டெஸ்க்டாப் கம்ப்யூட்டரின் சத்தத்தைக் குறைக்கிறேன் என்று இறங்குகிறவர்கள் கடைசியில் வந்து நிற்பது, பிராசசரைக் குளிர்விக்கும் இரண்டு பொருளுக்கு நடுவில்தான்: உலோகத் தகடுகளும் ஃபேனும் கொண்ட உயரமான டவர் ஏர் கூலர், அல்லது ஏ.ஐ.ஓ. (ஆல்-இன்-ஒன்) என்று விற்கப்படும் தண்ணீர் கூலர். நான் வாங்கியது டவர். ரைசன் 5 5600 பிராசசர், சாதாரண நடுத்தர கேபினட், சென்னையில் மெயின் ரோட்டை ஒட்டிய வீடு, ஏ.சி. இரவில் மட்டும். இந்த நிலவரத்தை மனதில் வைத்துப் படியுங்கள். டவர் பக்கம்தான் சாயப் போகிறேன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கூலர் வாங்குவதற்கு முன் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுங்கள். பழைய காலண்டர் தாளைக் குழாயாகச் சுருட்டி ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையைக் கேபினட்டுக்குள் ஒவ்வொரு இடமாகக் காட்டினால் ஆள் சிக்கிவிடுவார். இடைவிட்டு இடைவிட்டுக் 'கறகற' என்றால் ஹார்டு டிஸ்க். எஸ்.எஸ்.டி. போட்டு, பழைய டிஸ்க்கை யு.எஸ்.பி. பெட்டியில் மாட்டி அலமாரியில் வையுங்கள். அதில் அலச எதுவும் இல்லை. கிராபிக்ஸ் கார்டுகளில் பலவும் வேலை இல்லாத நேரத்தில் ஃபேனையே நிறுத்திவிடும். கேம் ஆடும்போது அது கத்தினால், நீங்கள் ஹெட்ஃபோன் போட்டிருப்பீர்கள். பவர் சப்ளையின் ஃபேன்தான் குற்றவாளி என்றால் பவர் சப்ளையையே மாற்றுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும், அதைத் திறக்கிற வீரம் வேண்டாம். மிச்சமிருப்பது பிராசசர் தலையில் உட்கார்ந்திருக்கும் குட்டி ஃபேன். பெரும்பாலான வீடுகளில் கத்துவது அதுதான்.

பைசா செலவில்லாத வழி ஒன்று உண்டு. ரைசன் பிராசசர்களில் ஒரு பிரவுசர் டேப் திறந்தாலே வெப்பம் சட்டென்று பத்து, பதினைந்து டிகிரி ஏறி, அடுத்த நொடியே இறங்கிவிடும். ஃபேனும் அதைத் துரத்திக்கொண்டு 'வ்ர்ர்ம்' என்று எழுந்து அடங்கும். ஒரே சீராக வரும் சத்தத்தைக் காது மறந்துவிடும். இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் பொறுக்க முடியாது. பயாஸில் (கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் நுழையும் அமைப்புத் திரை) ஃபேன் கர்வ் என்ற பகுதிக்குப் போய், எந்த வெப்பத்துக்கு எவ்வளவு வேகம் என்ற அந்தக் கணக்கில் 60 டிகிரி வரை ஒரே குறைந்த வேகம் என்று வைத்து, வேகம் ஏறுவதற்குச் சில நொடி தாமதமும் கொடுத்தால் பாதித் தலைவலி தீரும். ஆனால் இதைக் கோடையில் உட்கார்ந்து செய்யுங்கள். மார்கழியில் அமைத்த கர்வ் சித்திரையில் ஓலமிடும். வெளிநாட்டு விமர்சனங்களில் வரும் வெப்ப அளவுகள் பெரும்பாலும் இருபது சொச்சம் டிகிரி அறையில் எடுத்தவை. மே மாதம் நம் அறை 34 டிகிரி என்றால், அவர்கள் காட்டும் எண்ணோடு பத்துக்கு மேல் கூட்டிக்கொள்ள வேண்டும்.

பெட்டியோடு வரும் கூலரை இதற்கு மேல் அடக்க முடியாது. 5600 உடன் அதைத் தயாரிக்கும் ஏ.எம்.டி. தரும் ரெயித் ஸ்டெல்த் கூலர், வெப்பத்தைத் தகடுகளுக்குக் கடத்தும் வெப்பக் குழாய் எதுவும் இல்லாத ஒரு சின்ன அலுமினியத் துண்டு. அதற்குத் தெரிந்த ஒரே வித்தை வேகமாகச் சுற்றுவது. சத்தத்தின் கணக்கு அங்கேதான் இருக்கிறது. ஒரு ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகக் குறையும். சத்தமோ ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கும். பத்து டெசிபல் இறங்கினாலே காதுக்குப் பாதிச் சத்தமாகத்தான் படும். அதே போன்ற இன்னொரு ஃபேனைச் சேர்த்தால் கூடுவது வெறும் 3 டெசிபல். ஆக, வேகமாகச் சுற்றும் ஒன்றைவிட மெதுவாகச் சுற்றும் இரண்டு, அதே காற்றைத் தந்தும் 12 டெசிபல் அமைதி. பெரிய ஹீட்சிங்க் (வெப்பத்தை வாங்கி வெளியே விடும் உலோகத் தகடுகள்), பெரிய ஃபேன், குறைந்த வேகம்: டவரும் சரி, தண்ணீர் கூலரும் சரி, இரண்டும் செய்வது இதையேதான்.

வாங்கிய அன்று எது அமைதி என்று கேட்டால், 5600 போன்ற 65 வாட் பிராசசருக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. 120 மி.மீ. ஃபேன் ஒன்று, நான்கு வெப்பக் குழாய் உள்ள சாதாரண டவர் (டீப்கூல் ஏகே400 மாதிரி) இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கிறது. 240 மி.மீ. ஏ.ஐ.ஓ. அதைப்போல இரண்டு, மூன்று மடங்கு. அதில் இரண்டு ஃபேன், கூடவே தண்ணீரைச் சுற்ற விட ஒரு பம்ப். இந்தப் பம்ப் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போதும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நல்ல பம்ப் என்றால் பக்கத்தில் காதை வைத்தால்தான் கேட்கும். சுமாரான பம்ப் என்றால் கொசு ரீங்காரம் போல ஒரே சுருதியில் ஒரு முனகல், இரவு இரண்டு மணிக்கு நன்றாகவே கேட்கும்.

நான் முடிவெடுத்தது இதையெல்லாம் வைத்து அல்ல. தூசியை வைத்து.

நம் ஊரில் எந்தக் கம்ப்யூட்டரும் அமைதியாகத்தான் தொடங்கும். ஆறு மாதத்தில் ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே தூசி அடைத்துக்கொள்ளும். காற்று போக வழியில்லாமல் வெப்பம் ஏறும், வெப்பம் ஏறினால் கர்வ்படி ஃபேன் வேகமெடுக்கும், வேகமெடுத்தால் இன்னும் தூசியை இழுக்கும். இறக்கைகளின் விளிம்பில் தூசி படிந்தால் சமநிலை கெட்டு அதிர்வும் சேர்ந்துகொள்ளும். அதனால் 'எவ்வளவு அமைதி' என்று கேட்பதைவிட, 'அடைத்ததைச் சுத்தம் செய்வது எவ்வளவு சுலபம்' என்று கேட்பதுதான் இங்கே உருப்படியான கேள்வி. சுலபமாக இல்லாவிட்டால் யாரும் செய்யப் போவதில்லை.

டவரில் ஃபேனைப் பிடித்திருப்பது இரண்டு கம்பிக் கிளிப். விரலால் நெம்பினால் ஃபேன் கையோடு வந்துவிடும், ஸ்க்ரூ டிரைவரே தேவையில்லை. பெயின்ட் அடிக்கும் பிரஷ்ஷால் தகடுகளை மேலிருந்து கீழாக இழுத்து, பின்பக்கத்திலிருந்து புளோயரால் ஊதினால் தூசி பாளம் பாளமாக முன்னால் வந்து விழும். ஊதும்போது ஃபேனைச் சுற்ற விடாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் போய்விடும். ஹீட்சிங்க் பிராசசர் மேல் அப்படியே இருப்பதால் இரண்டுக்கும் நடுவே வெப்பத்தைக் கடத்தப் பூசியிருக்கும் தெர்மல் பேஸ்ட்டைத் தொட வேண்டியதில்லை. காபி ஆறுவதற்குள் முடிகிற வேலை. வருடா வருடம் ஆயுத பூஜைக்கு மானிட்டருக்குப் பொட்டு வைக்கிறோமே, அன்றைக்குக் கேபினட்டையும் திறந்தால் போதும். கோடைக்கு முன் இன்னொரு முறை திறந்தால் உத்தமம். பல்லி முட்டை கண்ணில் பட்டாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

தண்ணீர் கூலரில் சூடான தண்ணீர் ஆறும் இடம் ரேடியேட்டர், அதன் தகடுகள் இன்னும் நெருக்கமானவை. தூசி படிவது ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் இடையில், கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில். சுத்தம் செய்ய ஒவ்வொரு ஃபேனுக்கும் நான்கு ஸ்க்ரூ கழற்ற வேண்டும். பல கேபினட்களில் ரேடியேட்டரையே மேல் தட்டிலிருந்து இறக்கினால்தான் கை போகும். அதுவும் ரப்பர் குழாய் இழுபடாமல், பம்ப் ஆடாமல். இதை வருடத்துக்கு இரண்டு முறை செய்வேன் என்று சத்தியம் செய்பவர்களுக்கு என் வணக்கம்.

அடுத்து, கெட்டுப்போனால் என்ன ஆகும்? டவரில் அசையும் உறுப்பு ஃபேன் மட்டும்தான். அது போனால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்தக் கடையிலும் 120 மி.மீ. ஃபேன் கிடைக்கும்; வயரின் முனையில் நான்கு பின் கனெக்டர் உள்ளதாகப் பார்த்து வாங்கி அதே கிளிப்பில் மாட்டிவிடலாம். (ஸ்டிக்கரை உரித்துத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடும் பழைய வைத்தியம் ஸ்லீவ் பேரிங் ஃபேன்களில் கொஞ்ச நாள் தாக்குப் பிடிக்கும். புது ஃபேன் வரும்வரை செய்யலாம்.) உலோகக் கட்டி உலோகக் கட்டியாகவே இருக்கும். 2022இல் ஏ.எம்.டி., பிராசசர் உட்காரும் சாக்கெட்டை ஏஎம்4இலிருந்து ஏஎம்5க்கு மாற்றியபோதும், மதர்போர்டின் சொந்தப் பின்தட்டைப் பயன்படுத்தும் ஏஎம்4 கூலர்கள் அப்படியே பொருந்தின. நாக்டுவா போன்ற கூலர் கம்பெனிகள் புது சாக்கெட்டுக்கான பிராக்கெட்டை, பில்லைக் காட்டினால் இலவசமாகவே தருகிறார்கள்.

ஏ.ஐ.ஓ.வில் பம்ப் போனால் மொத்தமும் போச்சு. பம்ப் நன்றாக இருந்தாலும், வருடங்கள் போகப் போகத் தண்ணீர் ரப்பர் குழாய் வழியாகத் துளித்துளியாக ஆவியாகிக் குறையும். பெரும்பாலானவை சீல் வைத்தவை, ஊற்ற வழி கிடையாது. குறைந்த இடத்தில் காற்று நிற்கும், அந்தக் காற்று பம்புக்குள் வந்தால் 'களகள' சத்தம். ஐந்து, ஆறு வருட வாரண்டி தருகிறார்கள், உண்மைதான். ஆனால் கூலரை சர்வீஸ் சென்டருக்கு அனுப்பிவிட்டால் திரும்பி வரும்வரை கம்ப்யூட்டரை என்ன செய்வது? பெட்டியோடு வந்த பழைய கூலரைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தால் தப்பித்தீர்கள். பழசாக விற்கப் போனாலும், பம்ப் எத்தனை ஆயிரம் மணி நேரம் ஓடியது என்று தெரியாத பொருளுக்கு யார் நல்ல விலை கொடுப்பார்கள்?

தண்ணீர் கூலரை என் வீட்டில் வைத்து ஓட்டியதில்லை. மைத்துனர் வீட்டில் ஒன்று ஓடுகிறது, அங்கே பார்த்தும் கேட்டும் தெரிந்துகொண்ட அளவில்தான் சொல்கிறேன். அவருடையது இதுவரை கசியவில்லை, முனகவும் இல்லை. அதில் எனக்குப் பிடித்தது ஒன்று: தண்ணீர் சூடாக நேரம் எடுக்கும் என்பதால், ஃபேனைத் தண்ணீரின் வெப்பத்தோடு கோர்த்துவிட்டால் அந்த 'வ்ர்ர்ம்' ஏற்ற இறக்கமே இருக்காது. டவரில் கர்வைத் திருத்தித் திருத்திக் கொண்டுவர வேண்டிய நிதானம் அங்கே தானாக வருகிறது. கோர் ஐ9-14900கே போல முழு வேகத்தில் 253 வாட் வரை இழுக்கும் பிராசசரில் நாள் முழுக்க வீடியோ ரெண்டர் செய்பவருக்கு நான் டவரைப் பரிந்துரைக்க மாட்டேன், 360 மி.மீ. ரேடியேட்டர்தான் அவருக்குச் சரி. பொருத்தும்போது ரேடியேட்டரின் ஒரு பகுதியாவது பம்பைவிட உயரத்தில் இருக்கட்டும். உள்ளே இருக்கும் காற்று பம்பில் தங்காமல் மேலே போய்விடும்.

ஃபேனே இல்லாத கூலர்களும் உண்டு. 2021இல் நாக்டுவா விட்ட என்ஹெச்-பி1 ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள வெறும் உலோகம். பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் சுற்றியிருக்கும் காற்றே 34 டிகிரி என்றால் அதை நம்பிக் காசு போட எனக்கு மனம் வரவில்லை. சீலிங் ஃபேன் முழு வேகத்தில் சுற்றும் அறையில் இந்த அலசலே தேவையில்லை, அந்தச் சத்தத்தில் எந்தக் கூலரும் அமைதியானதுதான். ஏ.சி. போட்டு, கதவைச் சாத்திய பிறகுதான் வித்தியாசம் தெரியும்.

டவர் வாங்குவதென்று முடிவு செய்தால் கேபினட்டின் உள் அகலத்தை முதலில் அளந்துவிடுங்கள். ஏகே400 155 மி.மீ. உயரம், நாக்டுவா என்ஹெச்-டி15 165 மி.மீ.; பழைய கேபினட்களில் பக்கக் கதவு மூடாது. ஏஎம்4 போர்டில் பழைய கூலரைக் கழற்றுவதற்கு முன் கம்ப்யூட்டரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு பேஸ்ட்டை இளக்குங்கள். பிறகு அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கூலரை இடமும் வலமுமாக மெதுவாகத் திருகிவிட்டுத் தூக்குங்கள். நேராக இழுத்தால் பிராசசரும் பேஸ்ட்டில் ஒட்டிக்கொண்டு சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், அதன் அடியில் உள்ள ஊசி போன்ற பின்கள் வளைந்துவிடும். ரெயித் ஸ்டெல்த்தின் நான்கு ஸ்க்ரூவும் கழன்றதும் மதர்போர்டின் பின்தட்டு பிடிமானம் இல்லாமல் பின்னால் விழுந்துவிடும். கேபினட்டைப் படுக்க வைத்து, பின்பக்கக் கதவையும் திறந்து, ஒரு கையால் அந்தத் தட்டைத் தாங்கிக்கொண்டு மற்றக் கையால் கழற்றுங்கள்.