கரண்ட் நிலைக்காத ஊரில் பயாஸ் எழுதுவது: மென்பொருளா, பட்டனா, கிளிப்பா?

கோத்தகிரியில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கரண்டை நம்ப முடியாது. ஒரு சில்வர் ஓக் கிளை கம்பியில் விழுந்தால் போதும். அப்படி ஒரு மாலையில் என் பழைய டெஸ்க்டாப்பின் பயாஸை, அதாவது கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருளை, விண்டோஸுக்குள் இருந்தபடியே மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன். எழுதுவது பாதியில் இருக்கும்போது விளக்கு அணைந்தது. கரண்ட் வந்த பிறகு ஃபேன் சுற்றியது, திரை மட்டும் வரவில்லை. கடையில் காட்டினால், "போர்டு போச்சுங்க, வேற வாங்கிக்கங்க" என்றார்கள். மதர்போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. பயாஸ் இருக்கும் 8 எம்பி சிப்புக்குள் இருந்த எழுத்து மட்டும்தான் போயிருந்தது.

அதனால், மலையில் இருப்பவர்கள் எந்த வழியில் எழுதலாம் என்ற கேள்விக்கு நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: பாதியில் நின்றால் அதே வழியில் மீள முடியுமா?

விண்டோஸ் மென்பொருளில் செலவு இல்லை, பெட்டியைத் திறக்க வேண்டாம். ஆனால் நாம் திருத்திய பயாஸை அது பெரும்பாலும் ஏற்காது. பழைய போர்டில் என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி வகை) டிரைவர் சேர்ப்பது, லேப்டாப்பில் வேறு வைஃபை கார்டு போடத் தடையை நீக்குவது போன்ற திருத்தங்களுக்கு, சிப்பில் எழுதவிடாத பூட்டு குறுக்கே நிற்கும். தயாரிப்பாளரின் கருவியோ டிஜிட்டல் கையொப்பம் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பும். எல்லாவற்றையும் விட, எழுதும்போது கணினியே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். விழுந்துவிட்டால் மீட்கவும் அதே கணினிதான் வேண்டும். யுபிஎஸ் இல்லாமல் இந்தப் பக்கம் போகாதீர்கள். லேப்டாப் என்றால் பேட்டரி நன்றாக இருக்க வேண்டும்.

போர்டின் பின்பக்கம் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருந்தால் அது பெரிய கொடுப்பினை. பிராசசரும் ரேமும் இல்லாமலே தனிச் சில்லு ஒன்று பென்டிரைவிலிருந்து எழுதிவிடும். நடுவில் கரண்ட் போனாலும் மறுபடி அழுத்தலாம். வேலை செய்யாவிட்டால் பெரும்பாலும் காரணம் சின்னதுதான்: பென்டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்காது, அல்லது கோப்பின் பெயர் சரியாக இருக்காது. எம்எஸ்ஐ போர்டுக்கு MSI.ROM, ஜிகாபைட்டுக்கு GIGABYTE.BIN என்று பெயர் மாற்ற வேண்டும். ஆனால் லேப்டாப்பிலும் பழைய போர்டிலும் இந்தப் பட்டனை எதிர்பார்க்க முடியாது.

அங்கேதான் சிஎச்341ஏ புரோகிராமரும் (சிப்பில் எழுதும் சின்னப் பலகை), சிப்பின் எட்டுக் கால்களையும் பிடிக்கும் கிளிப்பும் வேண்டும். என் ஓட்டு இதற்குத்தான். இன்னொரு லேப்டாப்பில் யுஎஸ்பி வழியாகச் செருகி, செத்த போர்டின் சிப்பில் நேராக எழுதலாம். ஆனால் இதில் தடுக்கி விழவும் நிறைய இடம் உண்டு. கறுப்பு நிறப் பலகையில் 3.3 வோல்ட் என்று வைத்தாலும் டேட்டா கால்களில் 5 வோல்ட் வருவது தெரிந்த குறை. அதைத் திருத்திய பிறகே நல்ல சிப்பில் மாட்டுங்கள். சிப்பின் எண்ணையும் பாருங்கள். புதிய லேப்டாப்புகளில் பல 1.8 வோல்ட் வகை, அவற்றுக்குத் தனி அடாப்டர் இல்லாமல் தொடக்கூடாது.

படித்தால் எல்லாம் எஃப்எஃப் அல்லது எல்லாம் 00 என்று வருகிறதா? கிளிப் உட்காரவில்லை. சிவப்புக் கம்பி சிப்பின் புள்ளிப் பக்கம் இருக்கிறதா பாருங்கள். இங்கே ஈரக்காற்றில் கால்கள் மங்கிப் போகும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பல் பிரஷ்ஷும் கொண்டு துடைத்து, நன்றாக உலர்த்தி மாட்டினால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். சார்ஜரையும் பேட்டரியையும், போர்டில் இருக்கும் காசு வடிவப் பேட்டரியையும் எடுத்துவிடுங்கள். மூன்று முறை படித்து, மூன்று கோப்பும் ஒன்றுபோல் வந்தால்தான் எழுதத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வேறு வேறாக வந்தால் கிளிப் சரியாகப் பிடிக்காமல் இருக்கலாம், அல்லது அது தரும் மின்சாரத்தைப் போர்டின் மற்ற பாகங்கள் இழுக்கலாம். திரும்ப மாட்டியும் மாறாவிட்டால் சிப்பைக் கழற்றி எடுப்பதே வழி. சூடான காற்றால் சிப் கழற்றும் கைப்பழக்கம் இல்லையென்றால் செல்போன் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். சில பழைய டெஸ்க்டாப்பில் சிப் சாக்கெட்டில் இருக்கும், கையாலேயே பிடுங்கலாம்.

இன்னொன்று. இன்டெல் 4ஆம் தலைமுறை முதல் பூட் கார்டு (Boot Guard) என்ற காவல் உண்டு, பயாஸின் கையொப்பத்தைச் சரிபார்ப்பது. தயாரிப்பாளர் அதைப் பூட்டியிருந்தால், திருத்திய பயாஸை எந்த வழியில் எழுதினாலும் கணினி எழாது. சோதித்துவிட்டு இறங்குங்கள்.

என் போர்டை எழுப்ப, கம்பெனிக் கோப்பை அப்படியே எழுதப் பார்த்தேன். நல்லவேளை, அதற்கு முன் கெட்டுப்போன சிப்பையும் படித்து ஒரு நகல் வைத்திருந்தேன். கம்பெனிக் கோப்பில் நெட்வொர்க் பகுதி பொதுவானது, 88:88:88:88:87:88 என்ற மேக் முகவரியோடு (நெட்வொர்க்கில் கணினியின் அடையாள எண்) வருவது. என் கணினியின் சொந்த முகவரி அந்தப் பழைய நகலில் பத்திரமாக இருந்தது. மென்பொருள் பயாஸ் பகுதியை மட்டும்தான் தொட்டிருந்தது. அந்த நகலில் பயாஸ் பகுதியை மட்டும் மாற்றி, எழுதி, சரிபார்த்தேன். மாலை ஆறு மணிக்குத் திரை வந்தது. அன்றும் கரண்ட் இல்லை, எழுதியது லேப்டாப் பேட்டரியில், போர்டு ஓடியது பக்கத்து வீட்டு இன்வெர்ட்டரில்.