எம்.பிளான் படிக்க டெல்லியா, அகமதாபாத்தா, சென்னையா?

கேட் (GATE) நுழைவுத் தேர்வு ரிசல்ட் வந்த கையோடு தெரிந்த தம்பி ஒருவன் கேட்டான்: நகரத் திட்டமிடலில் முதுநிலைப் படிப்பான எம்.பிளானுக்கு டெல்லி எஸ்பிஏவா (திட்டமிடல், கட்டடக்கலைக் கல்லூரி), அகமதாபாத் செப்ட் (CEPT) பல்கலையா, சென்னையில் நம்ம அண்ணா பல்கலையா? ரேங்க், கட்டணம் எல்லாம் அலசிவிட்டான். நான் கேட்டது ஒன்றுதான்: அந்தந்த ஊரில் வயல் எப்படி மனையாகிறது தெரியுமா? எம்.பிளானில் பெரும்பகுதி ஸ்டுடியோ, அதாவது ஊருக்குள் அலைந்து சர்வே எடுத்துத் திட்டம் போடுவது, அதனால் ஊர்தான் உங்கள் பாடப்புத்தகம்.

டெல்லியில் அரசே நிலத்தை மொத்தமாகக் கையகப்படுத்தி டிடிஏ (டெல்லி வளர்ச்சி ஆணையம்) வழியாக நகரம் கட்டப் பார்த்தது. 1962 மாஸ்டர் பிளான் ஒன்று சொல்ல, அங்கீகாரமில்லாத காலனிகள் இன்னொன்றாக வளர்ந்தன. படிக்க அருமையான கேஸ், ஆனால் அந்த முறை நம் ஊர்ப் பக்கம் அப்படியே எடுபடாது. எஸ்பிஏவில் வீட்டுவசதி, போக்குவரத்து, சுற்றுச்சூழல் என்று தனித்தனி எம்.பிளான் உண்டு, மத்திய அரசு நிறுவனம் என்பதால் கட்டணமும் தாங்கும்.

செப்டின் பலம் குஜராத்தின் டவுன் பிளானிங் ஸ்கீம். கோணல்மாணலான நிலங்களை ஒன்றாகச் சேர்த்து, சாலைக்கும் பூங்காவுக்கும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஒழுங்கான மனையாக உரியவருக்கே திருப்பித் தருவார்கள். பரப்பு குறையும், மதிப்பு ஏறும். 2001 நிலநடுக்கத்தில் இடிந்த புஜ் நகரின் பழைய பகுதியைக்கூட இதே முறையில்தான் திருத்தி அமைத்தார்கள். அகமதாபாத்தில் 2009-ல் ஓடத் தொடங்கிய ஜன்மார்க் என்ற தனிப்பாதை பஸ் தடத்தைத் திட்டமிட்டதிலும் செப்ட் ஆசிரியர்களுக்குப் பெரிய பங்கு உண்டு, பாடம் எடுப்பவர் திட்டமிட்ட தடத்திலேயே சாயங்காலம் பஸ் ஏறலாம்! கட்டணம்தான் இடிக்கும், கடன் வாங்காமல் முடிப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

சென்னையில் கதையே வேறு. இங்கே நகரை விரிப்பது பெரும்பாலும் தனியார் லேஅவுட், அரசு அப்ரூவல் மட்டும் கொடுக்கும். அப்ரூவல் இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று 2016-ல் உயர்நீதிமன்றம் தடை போட்டதும் என்ன கூத்து நடந்தது என்று மனை வாங்கியவர்களுக்குத் தெரியும். 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த பெருநகரப் பகுதி 2022-ல் 5,904 ஆனது, ஆய்வுக்கு இதைவிட என்ன வேண்டும்? சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்), டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) வேலைதான் குறி என்றால் யோசிக்காமல் அண்ணா பல்கலை, தமிழ்நாட்டின் 1971 நகர் ஊரமைப்புச் சட்டம் கையோடு பழகிவிடும்.



தம்பிக்கு நான் சொன்னது செப்ட். தமிழ்நாட்டிலும் நிலங்களைச் சேர்த்துப் பிரிக்கும் திட்டத்துக்கு விதிகள் வந்துவிட்டன, அதை மண்ணில் பார்த்துப் பழகிய ஆள்தான் இங்கே குறைவு.