ஸ்டியரிங் பூட்டா, டிராக்கரா? டொராண்டோவில் கார் வைத்திருப்பவர்களுக்கு

ஸ்கார்பரோவிலோ பிராம்டனிலோ வீட்டு வாசலில் எஸ்யூவி நிறுத்துகிறீர்களா? திருட்டுக்கு எதிராக, ஸ்டியரிங் சக்கரத்தில் மாட்டும் இரும்புப் பூட்டு, கார் இருக்கும் இடத்தைப் போனில் காட்டும் டிராக்கர், இந்த இரண்டில் எதை முதலில் வாங்குவது என்ற கேள்வி வந்தே தீரும்.

இப்போதைய திருடர்கள் பெரும்பாலும் கண்ணாடியை உடைப்பதில்லை. வீட்டுக்குள் இருக்கும் சாவியின் சிக்னலைப் பிடித்து, அதைக் கார் வரைக்கும் கடத்திக் கதவைத் திறக்கிறார்கள். இல்லாவிட்டால் முகப்பு விளக்கின் பக்கத்து வயரில் கருவியைச் சொருகி, காரின் கணினியையே ஏமாற்றுகிறார்கள்.

ஸ்டியரிங் பூட்டு இங்கேதான் கைகொடுக்கும். இரும்பிடம் எந்தச் சிக்னலும் செல்லாது. அறுக்கலாம்தான், ஆனால் சத்தம் வரும், நேரம் பிடிக்கும். கண்ணாடி வழியே பூட்டு தெரிந்தாலே பலர் அடுத்த காரைத் தேடிப் போவார்கள். தினமும் மாட்டிக் கழற்றுவது தொந்தரவு, சரி, ஒரு வாரத்தில் பழகிவிடும்.

டிராக்கர் திருட்டைத் தடுக்காது. போன காரைத் தேட உதவும். வெளிநாட்டுக்குக் கப்பலேற்ற, மான்ட்ரியல் துறைமுகத்தில் இரும்புக் கன்டெய்னருக்குள் அடைத்துவிட்டால் சிக்னல் கிடைப்பது கடினம். அதற்கு முன்பே பிடிக்க வேண்டும். அந்தத் துறைமுகத்தில் 598 வாகனங்களை மீட்டதாக ஒன்டாரியோ மாகாண போலீசும் எல்லைச் சேவை அமைப்பும் 2024 ஏப்ரலில் அறிவித்தன. போனில் புள்ளி தெரிகிறதே என்று நீங்களே கிளம்பிவிடாதீர்கள், போலீசிடம் சொல்லுங்கள்.

நான் முதலில் பூட்டைத்தான் வாங்கச் சொல்வேன். அப்புறம் டிராக்கர். சாவியை இன்று இரவே வாசல் மேசையிலிருந்து எடுத்து, சிக்னலைத் தடுக்கும் பையில் போடுங்கள்.