லைட் பிரமாதம், ரேடியோதான் போச்சு

"அண்ணே, உங்க ஜீப்ல இருக்கிற அதே எக்ஸ்ட்ரா எல்இடி லைட் ஜோடி, ஹெட்லைட்டோட சேர்த்து மாட்டுறது, ஆஃபர்ல பாதி விலைக்கு வந்திருக்கு, வாங்கிடவா?" என்று ஆபீஸ் தம்பி ஒருவன் கேட்டான். வாங்கு, வாங்காதே என்று ஒரு வார்த்தையில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதியே கொடுத்துவிடுகிறேன். பிராண்ட் பெயர் மட்டும் கேட்காதீர்கள். திட்டப்போகிறேன், எதற்கு வம்பு.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பெங்களூரு பள்ளங்களில் இத்தனை நாள் குதித்தும் பிராக்கெட் போல்ட் தளரவில்லை, ஒளி விழும் கோணம் நகரவில்லை. தூசியும் தண்ணீரும் புகாது என்பதற்கான ஐபி67 குறியீடு போட்டிருந்தது. சகலேஷ்பூர் மழையில் நனைந்து, சேற்றில் முங்கி எழுந்தும் கண்ணாடிக்குள் ஒரு சொட்டு ஈரம் இல்லை. வெளிச்சமோ, சொல்லவே வேண்டாம். பட்டிவீரன்பட்டியிலிருந்து தாண்டிக்குடிக்கு ஏறும் மலைச்சாலையில் ராத்திரி போனவர்களுக்குத் தெரியும், கொண்டை ஊசி வளைவில் ஹெட்லைட் நேரே பள்ளத்தாக்கைத்தான் காட்டும், திரும்பவேண்டிய பக்கம் இருட்டாகவே இருக்கும். இந்த விளக்கு பக்கவாட்டிலும் விரிவதால் வளைவின் உள்ஓரம், அங்கே படுத்திருக்கும் மாடு, அதன் காதில் தொங்கும் மஞ்சள் வில்லை வரைக்கும் தெரிகிறது. முன்பெல்லாம் மாட்டின் கண் மினுங்கிய பிறகுதான் பிரேக்கில் கால் போகும்.

வாங்குகிறவர்கள் அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் லூமென் கணக்கை, அதாவது விளக்கு மொத்தமாக உமிழும் ஒளியின் அளவை, நம்பாதீர்கள். பல பெட்டிகளில் இருப்பது எல்இடி சிப்புகளைக் கூட்டிய காகிதக் கணக்கு, சாலையில் விழும் வெளிச்சம் அல்ல. ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தை லக்ஸில் அளப்பார்கள். ஒரு லக்ஸ் வெளிச்சம் எத்தனை மீட்டர் வரை போகிறது என்ற படத்தைக் காட்டச் சொல்லுங்கள். பௌர்ணமி நிலவே கால் லக்ஸ் அளவுதான், அதனால் ஒரு லக்ஸ் குறைச்சல் இல்லை. மூடுபனிக்கு மஞ்சள் மூடி போட்டுக்கொண்டேன். மஞ்சள் ஒளி பனியைத் துளைக்கும் என்பதெல்லாம் கதை. பனித்துளி அளவுக்கு எந்த நிறமும் ஒரே மாதிரிதான் சிதறும். நீலம் குறைவதால் நம் கண் அவ்வளவாகக் கூசாது, அவ்வளவுதான்.

சரி, இப்போது கோபத்துக்கு வருகிறேன்.

இந்த விளக்கைப் போட்டால் எஃப்எம் ரேடியோ செத்துவிடும். சுவிட்ச் தட்டிய நொடியில் சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த சத்தம் ஸ்பீக்கரில் வரும், அணைக்கும்வரை நிற்காது. ஊருக்குப் போகும்போது திண்டுக்கல் நெருங்கியதும் 100.5இல் கொடைக்கானல் வானொலியை வைத்துவிடுவது எனக்கு வருடக்கணக்கான பழக்கம். எஃப்எம் அலை மலையைச் சுற்றி வளைந்து வராது. மலை மறைக்கும் மடிப்பில் சிக்னல் மெலியும். முன்பு அங்கே பாட்டு கொஞ்சம் கம்மும், அவ்வளவுதான். இப்போது ஒரு வளைவில் பல்லவி, அடுத்த வளைவில் வெறும் ஸ்ஸ்ஸ். விளக்கு எங்கே அவசியமோ, அதே இடத்தில்தான் ரேடியோவும் போகிறது.

முதலில் இன்ஜின் ஓட்டத்தில் மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரைச் சந்தேகப்பட்டேன். அதுவாக இருந்தால் ஆக்சிலரேட்டர் மிதிக்க மிதிக்கச் சத்தத்தின் சுருதி ஏறவேண்டும். ஏறவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு விளக்கை மட்டும் போட்டேன், அதே ஸ்ஸ்ஸ். கையடக்க டிரான்சிஸ்டரை எடுத்துப்போய் விளக்கின் முதுகில் வைத்தேன், அலறியது. விஷயம் இதுதான்: எல்இடி நேரடியாக 12 வோல்ட்டில் ஓடாது. உள்ளே ஒரு டிரைவர் சர்க்யூட் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டிவெட்டிக் கொடுக்கிறது. அந்த இரைச்சலைச் சரியாக வடிகட்டாவிட்டால் வயரே ஆன்டெனாவாகி அதைப் பரப்பும். இதை அளக்க சிஸ்பர் 25 என்று தரநிலையே இருக்கிறது. என் பெட்டியில் அந்தப் பெயரே இல்லை. பழைய ஹாலோஜனில் இந்தத் தொல்லை கிடையாது, வெறும் இழைதானே. ஆனால் 55 வாட் பல்பு ஒன்று நாலரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும்.

பெங்களூரு ஜே.சி. ரோட்டில் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் வாங்கி விளக்கை ஒட்டியே வயரில் மாட்டினேன். எர்த் வயரைக் குட்டையாக்கி, விளக்குக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்சான ரிலேயை ஆன்டெனா கேபிளிலிருந்து தள்ளி வைத்தேன். பெங்களூருக்குள் 101.3 எஃப்எம் ஓரளவு தெளிந்தது. மலையில் பிரயோஜனமில்லை. வேலை செய்த எலக்ட்ரீஷியன் சிரித்தார். "இந்தக் காலத்துல யார் சார் ரேடியோ கேக்குறாங்க, புளூடூத் போட்டுக்கோங்க." கம்பெனிக்கு அனுப்பிய மெயிலுக்கு வந்த பதிலும் ஏறக்குறைய அதேதான், இவர் அளவுக்கு மரியாதை மட்டும் இல்லை.

நீ என்ன வாங்கினாலும் ஹெட்லைட் வயரில் ஒட்டுப்போட விடாதே தம்பி. பேட்டரியிலிருந்து தனி வயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ், நடுவில் ரிலே. ரிலேயை ஹை பீம் தூண்டுகிற மாதிரி மாட்டினால் எதிரே வண்டி வரும்போது டிம் அடித்தாலே இதுவும் அணைந்துவிடும். ஊருக்குள் இந்த விளக்குகளை மூடியே ஓட்டு. கண்ணைக் கூசவைக்கும் விளக்குகளுக்கு 2024 ஜூலையிலிருந்து கர்நாடகப் போலீஸ் வழக்குப் போடுகிறது. பந்திப்பூர் ரோட்டில் ராத்திரி போட்டுப் பார்க்கலாம் என்ற ஆசை இருந்தால் விட்டுவிடு. ஒன்பது மணிக்கு கேட்டை மூடினால் காலை ஆறுக்குத்தான் திறப்பார்கள்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு கடைசியில் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டால், வாங்காதே. போன வாரம்தான் அந்த மலையில் போய்வந்தேன், எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அப்படியானால் உங்க ஜோடியைக் கழற்றிக் கொடுங்க என்று அடுத்து கேட்பாய். அது முடியாது.