வீட்டிலிருந்து பஸ்ஸா, கம்பஸ் பக்கத்தில் அறையா?

மாங்குளம் சந்தியிலிருந்து முல்லைத்தீவு வீதியில் மூன்று கிலோமீற்றர் உள்ளே எங்கள் வீடு. நான் படித்த வவுனியாப் பல்கலைக்கழகம் மன்னார் வீதியில், பம்பைமடுவில் இருக்கிறது. கனகராயன்குளம், புளியங்குளம், ஓமந்தை என்று ஏ9 வீதியில் ஐம்பது கிலோமீற்றர் அளவு போய், வவுனியா நகரில் இறங்கி இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். முதல் செமஸ்டர் முழுக்க இந்தப் பாதையில் தினமும் போய் வந்தேன். இரண்டாவது செமஸ்டர் தொடங்கியதும் மூன்று பேராகச் சேர்ந்து கம்பஸ் பக்கத்தில் ஒரு அறை எடுத்தோம். பட்டம் முடியும் வரை கம்பஸ் பக்கத்திலேயே அறை எடுத்துத்தான் இருந்தேன்.

இந்த முறை எங்கள் ஒழுங்கையில் இரண்டு பிள்ளைகளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஒருத்திக்கு வவுனியா. மற்றவனுக்குக் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம். இரண்டு தாய்மாரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "பிள்ளை, வீட்டில நிண்டு போய் வரலாம்தானே?"

போய் வரலாம். ஆனால் வழி இருந்தால் அறை எடுத்துக் கொடுங்கள் என்றுதான் இரண்டு பேருக்கும் சொன்னேன். ஏன் என்பதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் காசு. இதில் பஸ்தான் வெல்லும். இ.போ.ச (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ்ஸில் சீசன் என்கிற மாணவர் மாதச் சீட்டு எடுத்தால் செலவு நன்றாகக் குறையும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அந்தச் சீசன் தனியார் பஸ்ஸில் செல்லாது. அவசரத்துக்கு முதலில் வருகிற பஸ்ஸில் ஏறினால் கையிலிருந்துதான் கொடுக்க வேண்டும், மாத முடிவில் கூட்டிப் பார்த்தால் அது சின்னத் தொகையாக இருக்காது. அறைக்கு நாங்கள் ஆளுக்கு ஐயாயிரம் ரூபா கொடுத்தோம், கரண்ட் பில் வேறு. அந்த நேரத்தில் எனக்கு மகாபொலப் புலமைப்பரிசில் மாதம் 5000 ரூபா. அது அப்படியே வாடகைக்குப் போனது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மகாபொலவை 7500 ஆகவும், பர்சரி என்கிற மாணவர் உதவிப் பணத்தை 4000 இலிருந்து 6500 ஆகவும் கூட்டினார்கள். அதற்குள் வாடகையும் ஏறிவிட்டது. முதல் மாதமே அந்தக் காசு கைக்கு வரும் என்று நம்பிக் கணக்குப் போடாதீர்கள். மூன்று நான்கு மாதச் செலவுக்கு வேறு வழி இருக்க வேண்டும்.

சாப்பாடு, துணி தோய்க்கிற வேலை, காய்ச்சல் வந்தால் பார்க்க ஆள் என்று எடுத்தாலும் வீடுதான் மேல். இதில் பேச ஒன்றுமில்லை.

அப்புறம் நேரம். நான் ஐந்தே கால் மணிக்கு வீட்டை விட்டு இறங்குவேன். அம்மா நாலு மணிக்கே எழும்பிச் சமைத்துக் கட்டித் தருவார். திரும்பி வரும்போது இருட்டிவிடும். சந்தியில் ஒரு கடை வாசலில் அப்பா மோட்டார் சைக்கிளோடு நிற்பார். ஐப்பசி, கார்த்திகை மாரி மழையில், காலபோக விதைப்பு நடக்கிற நாட்களில், வயலிலிருந்து நேரே சேற்றுக் காலோடு வந்து நிற்பார். எங்கள் பக்கம் யானை வீதிக்கு வரும் என்பதால் அந்த மூன்று கிலோமீற்றரை நான் தனியாக நடக்க யாரும் விடவில்லை. நான் ஒருத்தி படிக்க மூன்று பேரின் நாள் அந்த பஸ்ஸோடு ஓடியது. சீசன் மலிவு என்று சொல்லும்போது அம்மாவின் நாலு மணியையும் அப்பாவின் காத்திருப்பையும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. பெரும்பாலான பாடங்களுக்கு 80 வீத வரவு இருந்தால்தான் பரீட்சை எழுத விடுவார்கள். எட்டு மணி லெக்சரை பஸ் பிந்தி நான் தவறவிட்ட நாட்கள் அந்த 20 வீதத்தின் விளிம்பு வரை என்னைக் கொண்டுபோயின.

இவ்வளவையும் தாங்கிக்கொள்ளலாம். தாங்கிக்கொண்டு நல்ல பெறுபேறு எடுத்தவர்களும் இருக்கிறார்கள். எனக்கு முடிவைத் தந்தது வேறொன்று. அதன் பெயர் குப்பி.

கம்பஸுக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு இந்தச் சொல் தெரிந்திருக்காது. பின்னேரத்திலோ இரவிலோ ஒரு சீனியரோ, பட்ச்சில் அந்தப் பாடம் விளங்கிய ஒருவரோ மற்றவர்களை இருத்திச் சொல்லிக் கொடுப்பதற்குத்தான் குப்பி என்று பெயர். குப்பி விளக்கைச் சுற்றி இருந்து படிப்பதிலிருந்து வந்த பெயர் என்பார்கள். அம்மா உயர்தரம் படித்த காலத்தில் வன்னிக்கு மண்ணெண்ணெய் வருவதே அரிது. ஜாம் போத்தலில் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் திரி போட்டு, ஒரு விளக்கில் நாலு பேர் படித்தார்கள். கம்பஸில் 'குப்பி' இருக்கிறது என்று நான் சொன்னபோது அவர் அந்த விளக்கைத்தான் நினைத்தார்.

ஏன் இது இவ்வளவு பெரிய விஷயம் என்றால், நாங்கள் தமிழில் படித்துவிட்டுப் போகிறோம். விஞ்ஞானம், பொறியியல் போன்ற பீடங்களில் படிப்பு ஆங்கிலத்தில். உயர்தரத்தில் காவி என்று படித்தது அங்கே வெக்டர். சார்பு, ஃபங்ஷன். பெறுதி, டெரிவேட்டிவ். ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தால் ஒன்றும் கஷ்டமில்லை. ஆனால் ஒரு மணி நேர லெக்சரில் அந்தச் சொற்கள் வரிசையாக வரும்போது, ஒன்றை மனதுக்குள் தமிழாக்குவதற்குள் அடுத்த மூன்று போய்விடும். பக்கத்தில் இருக்கிற பிள்ளை தலையாட்டும்போது நமக்கு மட்டும்தான் விளங்கவில்லை என்ற எண்ணமும் வந்துவிடும். உயர்தரத்தில் நல்ல இஸட் ஸ்கோர் (கம்பஸுக்கு ஆள் எடுக்கப் பார்க்கிற புள்ளி) எடுத்து வந்த பிள்ளைகளும் முதல் செமஸ்டரில் இதில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். மூளையில் குறை ஒன்றும் இல்லை. பாடம் வேறு மொழியில் வந்து சேர்கிறது, அவ்வளவுதான்.

அந்த இடைவெளியை எங்களுக்கு நிரப்புவது குப்பி. அது பெரும்பாலும் இரவு ஏழு மணிக்குப் பிறகுதான் நடக்கும். அந்த நேரத்தில் நான் ஓமந்தைக்கும் புளியங்குளத்துக்கும் இடையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருப்பேன்.

"இண்டைக்குக் குப்பி இருக்கு, நிக்கிறியா?" என்று முதல் இரண்டு மாதமும் கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் பஸ்ஸைச் சொன்னேன். பிறகு கேட்பதை விட்டுவிட்டார்கள். கோபம் ஒன்றும் இல்லை, நான் நிற்க மாட்டேன் என்று தெரியும், அவ்வளவுதான். அடுத்த நாள் வட்ஸ்அப்பில் குறிப்புகளின் படம் வரும். படத்தில் விடை இருக்கும். மூன்றாவது வரியிலிருந்து நாலாவது வரிக்கு எப்படி வந்தார்கள் என்பது இருக்காது.

அறைக்குப் போன முதல் வாரமே ஒரு குப்பி எங்கள் அறையில் நடந்தது. திருகோணமலைப் பக்கத்து அக்கா ஒருவர் வந்தார். வெள்ளைப் பலகை இல்லை, பழைய மர அலுமாரியின் கதவில் சோக்கால் எழுதினார். எப்சிலன், டெல்டா என்று முதல் செமஸ்டர் முழுக்க நான் பார்த்து எழுதி, பாடமாக்கி, விளங்காமலே பரீட்சையும் எழுதிவிட்ட லிமிட் வரைவிலக்கணம். அக்கா சோக்கைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "நீ ஒரு இடைவெளி சொல்லு. எவ்வளவு சின்னன் எண்டாலும் சொல்லு. விடை அந்த இடைவெளிக்குள்ள நிக்கிற மாதிரி, எக்ஸை எவ்வளவு கிட்டக் கொண்டு வரவேணும் எண்டு நான் சொல்லுவன். நீ எதைக் கேட்டாலும் என்னால சொல்ல ஏலும் எண்டால், அதுதான் எல்லை." நான் கேட்டேன், அக்கா சொன்னார். இன்னும் சின்னதாகக் கேட்டேன், திரும்பவும் சொன்னார். பதினைந்து நிமிடம். எப்சிலன் நான் கேட்டது, டெல்டா அவர் தந்தது. அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது, ஏனென்றால் அந்தப் பாடத்தில் என் முதல் செமஸ்டர் பெறுபேறு ஏற்கெனவே வந்துவிட்டது. சிறப்புப் பட்டத்துக்கு ஆள் எடுக்கும்போது முதல் வருடப் பெறுபேறுகளையும்தான் பார்க்கிறார்கள். அந்த ஒரு பாடத்தை மேலே இழுக்க எனக்கு இரண்டு வருடம் எடுத்தது.

அதனால் இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யும்போது தூரத்தையும் வாடகையையும் மட்டும் பார்க்காதீர்கள். இரவு எட்டு மணிக்குப் பிள்ளை எங்கே இருக்கும், பக்கத்தில் அதே பாடம் படிக்கிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று பாருங்கள். எங்கள் அறையில் ஒருத்தி மட்டக்களப்பு, ஒருத்தி மலையகம். குப்பிக்கு வந்து போனவர்களில் சிங்களப் பிள்ளைகளும் இருந்தார்கள், அவர்களுக்கும் ஆங்கிலம் எங்களைப் போலத்தான். அவர்களோடு பேசிப் பேசித்தான் எனக்கு ஆங்கிலம் வாயில் வந்தது.

கம்பஸ் விடுதியைப் பற்றியும் கேட்பீர்கள். நான் விடுதியில் இருந்ததில்லை, ஒரு தோழியோடு இரண்டு இரவு தங்கியதோடு சரி. காசு மிகக் குறைவு, பாதுகாப்பு உண்டு, குப்பியும் அங்கே தாராளம். முதலாம் வருடத்தவர்களுக்கும் இறுதி வருடத்தவர்களுக்கும் முன்னுரிமை கொடுப்பது வழக்கம். ஆனால் வீட்டுத் தூரத்தையும் பார்ப்பார்கள் என்பதால், பக்கத்து மாவட்டத்துப் பிள்ளைகளான நமக்கு இடம் கிடைக்கும் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. விண்ணப்பத்தைத் தவறாமல் போடுங்கள். கிடைத்தால் முதல் வருடம் அங்கே இருப்பதில் தவறே இல்லை. இடையில் இரண்டு வருடம் எப்படியும் வெளியே அறை தேட வேண்டிவரும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

அறையில் உள்ள குறைகளையும் மறைக்கக் கூடாது. நாங்கள் முதலில் எடுத்த அறையை விட்டபோது முற்பணத்தில் பாதிதான் திரும்ப வந்தது. சுவரில் ஆணி அடித்தோம், கழிவறைக் குழாய் உடைந்தது என்று வீட்டுக்காரர் கணக்குச் சொன்னார். எழுத்தில் எதுவும் இல்லாததால் எங்களால் பேச முடியவில்லை. இரண்டாவது வீட்டில் போன அன்றே சுவரையும் குழாயையும் படம் எடுத்து வைத்துக்கொண்டோம், முற்பணத்துக்குப் பற்றுச்சீட்டும் வாங்கினோம். தண்ணீரைக் கட்டாயம் கேளுங்கள். வவுனியா சிறுநீரக நோய் கூடுதலாக உள்ள மாவட்டங்களில் ஒன்று, குடிப்பதற்குக் கிணற்றுத் தண்ணீரை நம்பாமல் வடிகட்டிய தண்ணீர் எங்கே எடுப்பது என்று முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். சமைக்க விடுவார்களா என்றும் கேளுங்கள். விட்டால் வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போய், ஞாயிறு பின்னேரம் அரிசிமா, கறித்தூள், கருவாட்டோடு திரும்பலாம். மட்டக்களப்புப் பிள்ளைக்கு இது மாதத்தில் ஒருமுறை கூட வாய்க்கவில்லை. வன்னிப் பிள்ளைகளுக்கு வாரம் தவறாமல் வாய்க்கும்.

பகிடிவதை பற்றித் தாய்மார் பயப்படுவது சரிதான். தினம் வீட்டுக்குப் போகிற பிள்ளை அதில் அவ்வளவாக அகப்படுவதில்லை, இது பஸ்ஸின் பக்கம் உள்ள உண்மையான வாதம். 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டப்படி பகிடிவதை குற்றம். அறைக்குக் கூப்பிட்டாலும் சரி, வீதியில் மறித்தாலும் சரி, அது மாறாது. வீட்டுக்காரர் மேலேயோ பக்கத்திலேயோ குடியிருக்கிற வீடாகப் பார்த்து எடுங்கள். எங்களுக்கு அது நல்ல காவலாக இருந்தது.

எல்லோருக்கும் அறைதான் சரி என்றும் சொல்ல மாட்டேன். ஓமந்தையிலோ வவுனியா நகரிலோ வீடு என்றால் வீட்டிலேயே இருங்கள், குப்பி முடிந்தும் போய்ச் சேரலாம். 2009இல் போர் முடிந்த பிறகு தாய் ஒருவரே தாங்குகிற வீடுகள் எங்கள் பக்கம் நிறைய. அந்த வீட்டில் மூத்த பிள்ளை இரவில் இல்லாமல் இருப்பது சின்ன விஷயமில்லை. அப்படியானவர்கள் தோழிகளின் அறையில் ஒரு பாயளவு இடம் பேசி, செவ்வாயும் வியாழனும் மட்டும் தங்கலாம். என் பட்ச்சில் ஒருத்தி வாடகையில் கொஞ்சம் கொடுத்து நாலு வருடமும் அப்படித்தான் படித்தாள். பரீட்சைக்கு முந்திய மாதம் முழுக்க நின்றாள்.

பொறியியலுக்குப் போகிற பையனுக்கு மாங்குளத்திலிருந்து அறிவியல் நகர் எனக்கு இருந்ததில் பாதித் தூரமும் இல்லை, ஏ9இல் நேர் பஸ். முறிகண்டி தாண்டினால் வந்துவிடும். அவன் முதல் மாதம் போய் வந்து பார்க்கட்டும் என்று தாயிடம் சொல்லியிருக்கிறேன். குப்பி தொடங்கியதும் மற்றதை யோசிக்கலாம். வவுனியாவுக்குப் போகிறவளோடும் தாயோடும் வருகிற ஞாயிற்றுக்கிழமை பம்பைமடுவில் இரண்டு வீடு பார்க்கப் போகிறோம். ஒன்று வாடகை குறைவு, ஆனால் எட்டு மணிக்குப் படலை பூட்டிவிடுவார்களாம். மற்றது ஆயிரம் ரூபா கூட. வீட்டுக்கார அம்மா பத்து மணி வரை பிள்ளைகள் கூடியிருந்து படிக்க விறாந்தையில் லைட் போட்டு விடுவாராம். தாய்க்கு முதலாவது பிடித்திருக்கிறது. நான் இரண்டாவதைத்தான் முதலில் காட்டப் போகிறேன்.