58,000 ரூபாய்க்குப் பூஞ்சை பிடித்த லென்ஸ்: செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் கவனம்

பழைய லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். என் 58,000 ரூபாய் போய்விட்டது. இன்று மதியம்தான் 'உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது' என்று மெயில் வந்தது. யார் முடித்தது? எதை முடித்தது?

பழைய கேமராக்களையும் லென்ஸ்களையும் தாங்களே சோதித்து விற்பதாகச் சொல்லும் ஓர் ஆன்லைன் தளம். 100-400 ஜூம் ஒன்று போட்டிருந்தார்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் மூடுபனி கிடைப்பது மார்கழியிலும் தை தொடக்கத்திலும்தான். அதற்குள் லென்ஸ் கையில் இருக்க வேண்டும் என்று போன் செய்தேன். "உள்ளே ஃபங்கஸ் இருக்கா? மெட்ராஸ் ஈரத்துல அதுதான் பயம்" என்று கேட்டேன். போனை எடுத்த ஊழியர் சொன்னது:

"சார், எங்க டெக்னீஷியன் டார்ச் அடிச்சுப் பார்த்துட்டுத்தான் சர்டிஃபிகேட் போடுவார். ஃபங்கஸ் இருந்தா நாங்க வாங்கவே மாட்டோம். நான் கேரண்டி."

தானும் படம் எடுப்பவன்தான் என்றார். பெரும்பாக்கம் பக்கம் போனால் தாழைக்கோழி நிறைய கிடைக்கும் என்று வழிகூடச் சொன்னார். நம் ஆள் என்று நம்பினேன். அன்றைக்கே முழுத்தொகையும் யுபிஐயில் போய்விட்டது.

லென்ஸ் வந்ததும் ஒரு விடியலில் வேளச்சேரி–தாம்பரம் சாலைப் பக்கம் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் ஓ.எம்.ஆர். (பழைய மாமல்லபுரம் சாலை) கட்டடங்களுக்குப் பின்னால்தான் சூரியன் எழும். எதிர்வெளிச்சத்தில் பனி அப்படியே ஒளிரும். மூடுபனி கேமராவின் ஒளி மீட்டரை ஏமாற்றிப் படத்தைச் சாம்பலாக்கும் என்பதால் எக்ஸ்போஷரை +1 வரை ஏற்றியிருந்தேன். எல்லாப் படமும் வெளிறி வந்தது. பனியில் எந்த லென்ஸுக்கும் கான்ட்ராஸ்ட் குறையும். ஆனால் வெயில் ஏறிப் பனி கலைந்து, நாணலும் அதற்குப் பின்னால் கட்டடமும் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தபோதும் படத்தில் அதே வெளிறல். நீர்க்காகத்தின் கறுப்பே சாம்பலாக விழுந்தது.

வீட்டுக்கு வந்து பின்பக்கத்திலிருந்து போன் டார்ச் அடித்தேன். உள் கண்ணாடியில் விளிம்பிலிருந்து நடுவரை சிலந்தி வலை மாதிரி வெள்ளை இழைகள்.

போட்டோ அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். "அது தூசி சார்" என்றார்கள். பிறகு "டிக்கெட் போட்டிருக்கோம், 48 மணி நேரம் வெயிட் பண்ணுங்க" என்றார்கள். கேரண்டி கொடுத்தவரைக் கேட்டால் வேறு டிபார்ட்மென்டுக்கு மாறிவிட்டாராம். கடைசியில் ஒரு பெண் சொன்னதுதான் வயிற்றெரிச்சல்: "நீங்க பனியில கொண்டுபோயிருக்கீங்க, அதனால வந்திருக்கும்." ஒரே காலையில் கண்ணாடி முழுக்கப் பூஞ்சை படருமா? வாரக்கணக்கில் ஈரத்தில் கிடந்தால்தான் இந்த அளவுக்கு வரும். பூஞ்சையின் அமிலம் கண்ணாடி மேல் இருக்கும் கோட்டிங்கை அரித்துவிட்டது, துடைத்தாலும் தழும்பு போகாது என்று சர்வீஸ் சென்டரில் சொல்லிவிட்டார்கள். 58,000 ரூபாய்! சதுப்பு நிலத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே கட்டடமாகிவிட்டது. மிச்சம் இருப்பதையாவது படத்தில் வைக்கலாம் என்று சேர்த்த பணம் அது.

என்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. டார்ச் அடித்த வீடியோ கேளுங்கள், தராவிட்டால் விட்டுவிடுங்கள். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள். போனில் தரும் கேரண்டியை மெயிலிலும் வாங்குங்கள். ரிட்டர்ன் நாள் முடிவதற்குள் எதிர்வெளிச்சத்தில் எடுத்துப் பாருங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்துவிட்டேன். 'சோதிக்கப்பட்டது' என்ற முத்திரையோடு அந்தத் தளத்தில் இன்னும் லென்ஸ்கள் விற்பனைக்குக் கிடக்கின்றன. இதே மாதிரி ஏமாந்தவர்கள் எனக்குத் தகவல் அனுப்புங்கள், சேர்ந்தே நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம்.